டைம்ஸ் ஸ்குவேரில் ஒரு சாலை திடலானது: 2009 முதல் 2018 வரையிலான நிகழ்வு ஆய்வு

நியூயார்க் நகரின் டைம்ஸ் ஸ்குவேர் பகுதியில், 42 ஆம் தெருவுக்கும் 47 ஆம் தெருவுக்கும் இடைப்பட்ட பிராட்வே சாலை 2009 மே மாதத்தில் வாகனங்களுக்கு மூடப்பட்டது. சில மாதச் சோதனையாகத் தொடங்கிய இந்த ஏற்பாடு 2010 பிப்ரவரியில் நிரந்தரமாக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் புதிய தளத்தோடும் இருக்கைகளோடும் முழுமையான நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டது. நடுவில் 2015 இல் வளாகத்தையே பெயர்த்தெடுத்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. திறப்பு விழா முடிந்த மறு மாதமே அங்கே ஓர் இளம்பெண் உயிரிழந்தார்.

சாலைகளை நடப்பவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேசுகிற எல்லோரும் இந்த இடத்தின் படத்தைக் காட்டுகிறார்கள். எந்தச் சிக்கலைத் தீர்க்கப் புறப்பட்டார்கள், அத்தனை சாலைகளில் ஏன் அதை மட்டும் மூடினார்கள், மூடிய பிறகு எதைக் கவனிக்காமல் விட்டார்கள் என்பது படத்தில் தெரியாது. இந்த ஆய்வு அவற்றைப் பற்றியது. சம்பந்தப்பட்டவர்களைப் பதவியால் மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

பின்னணி: கட்டத்துக்குள் ஒரு சாய்கோடு

மன்ஹாட்டன் தீவின் தெருக்களில் பெரும்பகுதி 1811 ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி கட்டம் கட்டமாக அமைந்தவை. வடக்கு தெற்காக அகலமான அவென்யூக்கள், கிழக்கு மேற்காக எண்ணிட்ட தெருக்கள். பிராட்வே இந்தக் கட்டத்தைவிட மூத்தது. ஐரோப்பியர் வருமுன் அங்கு வாழ்ந்த பூர்வகுடிகளின் நடைத்தடத்தை ஒட்டி வளர்ந்த சாலை அது. சுற்றிலும் கட்டம் வந்த பிறகும் தன் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை. தீவைச் சாய்வாகக் கடந்து, வழியில் வரும் அவென்யூக்களைக் குறுங்கோணத்தில் வெட்டிக்கொண்டு போகிறது. அப்படி வெட்டிய இடங்களில் உருவான திறந்த வெளிகள்தான் மேடிசன் ஸ்குவேர், ஹெரால்டு ஸ்குவேர், டைம்ஸ் ஸ்குவேர் முதலியவை.

டைம்ஸ் ஸ்குவேரில் பிராட்வே வெட்டுவது 7 ஆம் அவென்யூவை. இரண்டுமே தெற்கு நோக்கிய ஒருவழிச் சாலைகள். 45 ஆம் தெருவருகே ஒன்றின் ஓட்டத்துக்குள் மற்றது புகுந்து வெளியேறும். மேலிருந்து பார்த்தால் இரண்டு முக்கோணங்கள் நுனியோடு நுனி தொட்டு நிற்பதுபோல இருக்கும்.

போக்குவரத்துப் பொறியாளர்களுக்கு இந்த இடம் தலைவலி. சாதாரணச் சந்திப்பில் சிக்னல் இரண்டு ஓட்டங்களுக்கு மாறி மாறி வழி விட்டால் போதும். இங்கே அவென்யூ, குறுக்குத் தெரு, பிராட்வே என மூன்று ஓட்டங்கள். ஒரு சிக்னல் சுற்று 90 நொடி என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 45 நொடி. மூன்று பேருக்கென்றால் 30. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையில் மஞ்சள் விளக்கும் எல்லாப் பக்கமும் சிவப்புமாகச் சில நொடிகள் வீணாகும் என்பதால் கையில் கிடைப்பது அதைவிடவும் குறைவு. பிராட்வேயில் ஓடிய வண்டிகள் பக்கத்து அவென்யூக்களை ஒப்பிடக் குறைவாக இருந்தும், அந்தச் சாலைக்கென ஒதுக்கிய நொடிகள் எல்லோரையும் நிறுத்தி வைத்தன. சாலை ஒன்று கூடுதலாக இருந்ததே நெரிசலுக்கு ஒரு காரணம். இந்த நிகழ்வின் அச்சாணி இந்த உண்மைதான். இதைக் கவனிக்காமல் வெளித்தோற்றத்தை மட்டும் நகலெடுத்தவர்கள் வேறு விளைவைத்தான் பெறுவார்கள்.

முந்தைய அனுபவங்கள் ஊக்கமூட்டுவனவாக இல்லை. அதே நகரத்தில் 1971 இல் மேடிசன் அவென்யூவின் ஒரு பகுதியை மதிய உணவு வேளையில் மட்டும் இரண்டு வாரம் மூடிப் பார்த்தார்கள். மக்கள் திரண்டு வந்தார்கள். ஆனால் அதைப் பெரிதாக்கும் திட்டம் 1973 இல் வணிகர்கள், டாக்சித் துறையினர் ஆகியோரின் எதிர்ப்பில் நகர அரசின் வாரியத்தில் தோற்றது. நாட்டின் பிற நகரங்களில் 1960, 70களில் ஏராளமான கடைத்தெருக்கள் நடைபாதை வளாகங்களாக மாற்றப்பட்டு, பிறகு பெரும்பாலானவை மீண்டும் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டன. சிகாகோவின் ஸ்டேட் தெரு 1979 இல் பஸ்களுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் என்றாகி, 1996 இல் பழைய நிலைக்குத் திரும்பியது. கடைகளும் ஆட்களும் புறநகர்களுக்குப் போய்க்கொண்டிருந்த தெருவில் கார்களையும் நிறுத்தியபோது அது வெறிச்சோடியது.

கவனித்தவை

டைம்ஸ் ஸ்குவேரில் நிலைமை இதற்கு நேர் எதிர். அங்கே ஆள் வராதது சிக்கலில்லை; வந்தவர்களுக்கு நிற்க இடமில்லை. ஒரு நாளில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நடந்து கடந்த இடம் அது. வாகனங்களில் கடந்தவர்களைவிட நடந்தவர்கள் பல மடங்கு. ஆனால் சாலைப் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வாகனங்களுக்கும் மிஞ்சிய ஒரு பங்கு நடைபாதைக்கும் இருந்தது.

விளைவு கண்ணெதிரே தெரிந்தது. நடைபாதையில் இடம் போதாதவர்கள் சாலையில் இறங்கி, ஓரமாக வண்டிகளோடு வண்டியாக நடந்தார்கள். விளம்பர ஒளிப்பலகைகளைப் பார்க்க நின்றவர்கள் பின்னால் வருபவர்களை மறித்தார்கள். அலுவலகம் போகிறவர்கள் அந்தப் பகுதியையே தவிர்த்துச் சுற்றிப் போனார்கள். உலகம் முழுவதிலுமிருந்து வந்து நிற்கிற இடத்தில் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. 2008 அக்டோபரில் வடக்கு முனையில் நாடக டிக்கெட் விற்பனையகத்தின் கூரையாகச் சிவப்புக் கண்ணாடிப் படிக்கட்டு ஒன்று திறக்கப்பட்டது. அன்று முதல் அந்தப் படிகளில் ஆட்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். உட்காரும் ஆசை அங்கே இருந்தது, இடம்தான் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நகரத்தின் போக்குவரத்துத் துறை அதற்குள் சிறு சிறு முயற்சிகளில் கை பழகியிருந்தது. 2007 இல் புரூக்ளினில் ஒரு முக்கோண வாகன நிறுத்துமிடத்தைப் பச்சை வண்ணம் பூசி, மேசை நாற்காலி போட்டுத் திடலாக்கினார்கள். 2008 இல் டைம்ஸ் ஸ்குவேருக்குத் தெற்கே, 42 முதல் 35 ஆம் தெரு வரை பிராட்வேயின் நான்கு தடங்களை இரண்டாகக் குறைத்து, மீந்த இடத்தில் சைக்கிள் பாதையும் உட்காருமிடங்களும் அமைத்தார்கள். அவை மக்களுக்கும் துறைக்கும் ஒத்திகையாயின.

முடிவு: முதலில் மூடுவோம், பிறகு அளப்போம்

2009 பிப்ரவரி 26 அன்று மேயரும் போக்குவரத்துத் துறை ஆணையரும் திட்டத்தை அறிவித்தார்கள். டைம்ஸ் ஸ்குவேரில் 42 முதல் 47 வரையும், ஹெரால்டு ஸ்குவேரில் 33 முதல் 35 வரையும் பிராட்வே மூடப்படும். குறுக்குத் தெருக்கள் திறந்திருக்கும். 7 ஆம் அவென்யூ திறந்திருக்கும். பிராட்வேயில் ஓடிய பஸ்கள் அங்கே மாறும். சிக்னல் சுற்றுகள் புதிதாக அமைக்கப்படும். ஆண்டு இறுதிவரை சோதனை, பிறகு முடிவு.

மூன்று தேர்வுகள் அவர்கள் முன் இருந்ததாகக் கொள்ளலாம். நடைபாதைகளைச் சில அடி அகலப்படுத்துவது முதலாவது. அதில் சிக்னல் சிக்கல் அப்படியே இருந்திருக்கும். 7 ஆம் அவென்யூவை மூடிப் பிராட்வேயை வைத்துக்கொள்வது இரண்டாவது. ஆனால் கட்டத்தோடு ஒத்துப்போகும் சாலையை மூடி, ஒத்துப்போகாததை வைத்துக்கொள்வதில் பொருளில்லை. மூன்றாவதைத்தான் தேர்ந்தார்கள். வாகனங்களுக்கு மிகக் குறைவாகப் பயன்பட்டு, மிக அதிகத் தொல்லை தந்த சாலையை நடப்பவர்களிடம் ஒப்படைத்தார்கள். இரு தரப்புக்கும் ஆதாயம் என்று சொல்ல முடிகிற நிலை நகரங்களில் அடிக்கடி வாய்ப்பதில்லை.

சோதனையாகச் செய்வது என்ற முடிவு இதைவிடவும் முக்கியமானது என்று கருதுகிறேன். நகரங்களில் வழக்கமான முறை வேறு: வரைபடம், கருத்துக் கேட்பு, திருத்தம், மறுபடி வரைபடம். தாளில் இருக்கும் திடலை எதிர்ப்பது சுலபம். எதிர்ப்பவர் தான் இழக்கப் போவதைத் துல்லியமாக அறிவார். பயன்பெறப் போகிறவருக்கு அது இன்னும் கற்பனைதான். மேடிசன் அவென்யூ திட்டம் அப்படித்தான் மடிந்தது. வண்ணமும் தடுப்புப் பீப்பாய்களும் கொண்டு சில நாட்களில் செய்து காட்டினால், வாதம் தாளிலிருந்து தரைக்கு வருகிறது. தோற்றால் பீப்பாய்களை அகற்றிவிடலாம் என்பதால் எதிர்ப்பவர்களுக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது.

அரசியல் துணிவும் இதில் இருந்தது. நாடு பொருளாதாரச் சரிவில் இருந்தது. மேயர் அந்த நவம்பரில் மூன்றாம் முறை தேர்தலைச் சந்திக்கவிருந்தார். டாக்சி ஓட்டுநர்கள் எதிர்த்தார்கள். செய்தித்தாள்களில் சில கடுமையாகச் சாடின. நகரத்தின் மிகப் பெயர்பெற்ற சந்திப்பில், தேர்தல் ஆண்டில், பொதுவாக எந்த ஆலோசகரும் இதைப் பரிந்துரைத்திருக்க மாட்டார்.

2009 மே: நாற்காலிகள்

மே மாதக் கடைசியில் வரும் நீண்ட வார இறுதியில் சாலை மூடப்பட்டது. மூடும் நாள் நெருங்கியபோது ஒரு நடைமுறைச் சிக்கல். திடலுக்கென வரவழைத்த உறுதியான மேசை நாற்காலிகள் வந்துசேரவில்லை. வண்டிகளை அகற்றிவிட்டு வெறும் தாரைக் காட்டினால் மக்கள் அதைத் திடலாக நினைக்க மாட்டார்கள். அப்பகுதிக் கட்டட உரிமையாளர்களும் வணிகர்களும் சேர்ந்து நடத்தும் அமைப்பு, புரூக்ளினின் ஒரு வன்பொருள் கடையிலிருந்து தோட்டங்களில் போடும் மடக்கு நாற்காலிகளைச் சில நூறு வாங்கி வந்து போட்டது. ஒன்றின் விலை சுமார் 10 டாலர்.

தடுப்புகள் வைத்த சில நிமிடங்களில் மக்கள் சாலை நடுவே நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் முதல் பேச்சு முழுவதும் நாற்காலிகளைப் பற்றியே இருந்தது. மலிவாக இருக்கின்றன, அசிங்கமாக இருக்கின்றன, உலகப் புகழ்பெற்ற இடத்துக்குப் பொருந்தவில்லை என்று எழுதினார்கள். சாலையை மூடியது சரியா என்ற கேள்வி, நாற்காலி அழகாக இருக்கிறதா என்ற கேள்வியாக மாறிவிட்டது. சோதனையின் முதல் வாரங்களில் இதைவிட நல்ல திசைதிருப்பம் கிடைத்திருக்காது. யாரும் திட்டமிடாமல் வந்த நன்மை இது. அதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்க ஒன்று உண்டு: முதல் நாளிலேயே உட்கார ஏதாவது இருக்க வேண்டும். கோடை முடிவதற்குள் அந்த நாற்காலிகளின் இடத்தில் உலோக மேசை நாற்காலிகள் வந்துவிட்டன.

அளந்ததும் கிடைத்ததும்

இங்கே சற்று நிதானிக்க வேண்டும். திடல் உருவானதைவிட அது மதிப்பிடப்பட்ட விதம்தான் மற்ற நகரங்களுக்குப் பாடமாகக் கூடியது.

வாகன வேகத்தை அளக்க, துறை டாக்சிகளில் பொருத்தப்பட்டிருந்த ஜிபிஎஸ் பதிவுகளைப் பயன்படுத்தியது. அதற்கு முன்பெல்லாம் இத்தகைய ஆய்வுக்குச் சில கார்களை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். சில டஜன் பயணங்களை வைத்து முடிவு சொல்வார்கள். இப்போது 2008 இலையுதிர் காலத்தையும் 2009 இலையுதிர் காலத்தையும் ஒப்பிட 11 இலட்சம் டாக்சிப் பயணங்கள் கிடைத்தன. மன்ஹாட்டனின் நடுப்பகுதியான மிட்டவுனில், மாற்றம் நடந்த மேற்கு மிட்டவுனை, மாற்றம் நடக்காத கிழக்கு மிட்டவுனோடும் ஒப்பிட்டார்கள். சரிவால் நகரம் முழுவதும் வண்டிகள் குறைந்திருந்த ஆண்டு அது. கிழக்குப் பகுதியையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் சரிவின் விளைவையெல்லாம் திட்டத்தின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

மேற்கு மிட்டவுனில் வடக்கு நோக்கிய டாக்சிப் பயண வேகம் 17 சதவீதம் கூடியிருந்தது. கிழக்கில் அதே காலத்தில் 8 சதவீதம். தெற்கு நோக்கிய பயணத்தில் மேற்கில் 2 சதவீதம் குறைந்திருந்தது. கிழக்கில் 3 சதவீதம் கூடியிருந்தது. 6 ஆம் அவென்யூவில் பஸ் பயண நேரம் மேம்பட்டது. 7 ஆம் அவென்யூவில் சற்று மோசமானது. ஆகவே வேகத்தைப் பொறுத்தவரை இது கலவையான முடிவு. அறிவிப்பின்போது கணிப்பில் சொன்ன அளவுக்கு எங்குமே முன்னேற்றம் இல்லை. பிராட்வேயின் சுமையையும் ஏற்றுக்கொண்ட 7 ஆம் அவென்யூ, எதிர்பார்க்கக்கூடிய அளவில் கொஞ்சம் திணறியது.

பாதுகாப்பில் கிடைத்ததோ சந்தேகத்துக்கு இடமில்லாதது. திட்டப் பகுதியில் வாகனங்களில் இருந்தோர் காயமடைவது 63 சதவீதமும், நடப்போர் காயமடைவது 35 சதவீதமும் குறைந்தன. டைம்ஸ் ஸ்குவேரில் சாலையில் இறங்கி நடப்போர் 80 சதவீதம் குறைந்தார்கள். நடப்பவர்கள் எண்ணிக்கை அதே இடத்தில் 11 சதவீதம் உயர்ந்திருந்தபோது நடந்தது இது. கூட்டம் கூடி, காயம் குறைந்தது என்பதை இரண்டு தடவை படிக்க வேண்டும். வணிகர் அமைப்பு நடத்திய கருத்தாய்வில் 74 சதவீதத்தினர் ஓராண்டில் டைம்ஸ் ஸ்குவேர் பெரிதும் மேம்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பிறகு நகரச் சுகாதாரத் துறையின் காற்று ஆய்வில், வளாகத்தில் நைட்ரஜன் டையாக்சைடின் அளவு 41 சதவீதம் குறைந்திருந்தது தெரிந்தது.

2010 பிப்ரவரி: நிரந்தரம்

2010 பிப்ரவரி 11 அன்று மேயர் மூடல் நிரந்தரம் என்று அறிவித்தார். வேகம் எதிர்பார்த்தபடி கூடவில்லையே என்று கேட்டவர்களுக்குப் பாதுகாப்பு எண்களே பதில்.

அந்தப் பதில் சரியானது. ஆனால் அது தாமதமாக வந்த பதில். திட்டத்துக்கு அறிவிப்பின்போது வைத்த பெயரே மிட்டவுனுக்குப் பச்சை விளக்கு என்ற பொருள்படுவது. போக்குவரத்தை விரைவாக்கும் திட்டம் என்றே அது முன்வைக்கப்பட்டது. கார் ஓட்டுவோரின் எதிர்ப்பைத் தணிக்க அது உதவியிருக்கும். ஆனால் ஒரு திட்டத்தை எந்தக் காரணம் சொல்லி அறிமுகப்படுத்துகிறோமோ, அந்தத் தராசில்தான் அது நிறுக்கப்படும். தெற்கு நோக்கிய 2 சதவீதச் சரிவு, அறுபத்து மூன்று சதவீதக் காயக் குறைவைவிடப் பெரிய செய்தியாகும் அபாயம் அப்படித்தான் உண்டாயிற்று. சோதனைக்கான அளவுகோல்களை வரிசைப்படுத்தி, உயிரும் உடலும் முதலில், வேகம் அதற்குப் பின் என்று தொடக்கத்திலேயே அறிவித்திருந்தால், இந்த முடிவு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதாக இருந்திருக்காது.

2010 முதல் 2017 வரை: தளமும் அதன் அடியும்

நிரந்தரம் என்று சொன்ன அன்றே கல் பதிக்க முடியாது. 2010 கோடையில் தார்ப்பரப்பில் நீலமும் வெள்ளையுமாக ஒரு பெரிய ஓவியம் தீட்டப்பட்டது. வெயிலை ஓரளவு திருப்பியனுப்பும் வெளிர் வண்ணங்கள். நிரந்தர வடிவமைப்பு நார்வேயில் தோன்றிய ஸ்னோஹெட்டா நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

வெளியாட்கள் கவனிக்காத பெரிய வேலை தரைக்கு அடியில் நடந்தது. நூறாண்டுகளாகச் சேர்ந்த குழாய்களும் கம்பிகளும், புதைந்துபோன பழைய டிராம் தண்டவாளங்களும் அங்கே இருந்தன. தண்ணீர், கழிவுநீர்க் குழாய்களை மாற்றி, மின் இணைப்புகளைப் புதுப்பித்த பிறகே மேல்தளம். இது ஏன் முக்கியம் என்றால், நன்றாகப் பதித்த தளத்தை அடுத்த ஆண்டே குழாய் உடைந்தது என்று தோண்டினால், அது ஒருபோதும் பழையபடி சேராது. சாலையோர மேட்டை அகற்றி முழுப் பரப்பையும் ஒரே மட்டமாக்கினார்கள். சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் இது தேவை. அதோடு இது பழைய சாலை என்ற நினைவையும் அழித்துவிடுகிறது. மேடு இருக்கும்வரை ஆட்கள் அதை ஒட்டியே நடப்பார்கள், நடுப்பகுதி காலியாக இருக்கும். அடர்நிறக் கான்கிரீட் பலகைகளில் நாணய அளவு எஃகு வட்டுகள் பதிக்கப்பட்டன. 50 அடி வரை நீளமுள்ள கிரானைட் இருக்கைகள் பத்து அமைந்தன. நிகழ்ச்சிகளுக்கான மின் இணைப்பு அவற்றுக்குள்ளேயே வைக்கப்பட்டது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஜெனரேட்டர் லாரிகள் வந்து நிற்பது இதனால் குறைந்தது.

பணி பகுதி பகுதியாக நடந்தது. புத்தாண்டு இரவுக் கூட்டத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் இடத்தைத் தயார்படுத்தித் தர வேண்டியிருந்தது. 2013 டிசம்பரில் முதல் பகுதி முடிந்து, 2016 இறுதியில் வேலை நிறைவடைந்து, 2017 ஏப்ரலில் முறையாகத் திறந்தார்கள். செலவு 5.5 கோடி டாலர். மொத்தப் பரப்பு சுமார் இரண்டரை ஏக்கர்.

2015: இது யாருடைய இடம்

சாலை திடலானது; ஆனால் சட்டத்தின் பார்வையில் அது சாலையாகவே இருந்தது. பூங்கா என்றால் பூங்காத் துறையின் விதிகள் உண்டு. வாகனம் ஓடும் சாலை என்றால் போக்குவரத்து விதிகள் உண்டு. வாகனம் ஓடாத சாலைக்கு எந்த விதி? இந்தக் கேள்வியை 2010 இல் யாரும் முடித்துவைக்கவில்லை.

வெற்றிடம் நிரம்பிற்று. கார்ட்டூன் பாத்திரங்களின் உடையணிந்து படமெடுக்க நின்று அன்பளிப்பு கேட்பவர்கள் பெருகினார்கள். சுற்றுலாப் பேருந்து டிக்கெட், குறுந்தட்டு விற்பவர்கள் வழிமறித்தார்கள். சிலர் பணம் தராதவர்களிடம் கடுமையாக நடந்துகொண்டதாகப் புகார்கள் வந்தன. 2015 கோடையில் மேலாடைக்குப் பதிலாக உடலில் வண்ணம் தீட்டிக்கொண்டு படமெடுக்க நின்ற பெண்கள் செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்கு வந்தார்கள். மேலாடையின்றி இருப்பது அந்த மாநிலத்தில் குற்றமில்லை. தெருக் கலைஞர்களுக்கு அரசமைப்பின் கருத்துரிமைப் பாதுகாப்பு உண்டு. அதனால் காவல்துறையால் நேரடியாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்போது வேறொரு மேயர் பதவியில் இருந்தார். வளாகத்தை அகற்றுவதும் ஆராயப்படும் என்றார். காவல்துறை ஆணையரோ முழுவதையும் தோண்டியெடுத்துப் பழையபடி சாலையாக்கிவிடலாம் என்றே சொன்னார். கோடிக்கணக்கில் செலவழித்துப் பாதிக் கல் பதித்திருந்த நேரம் அது. ஆட்கள் ஒரு பொது இடத்தில் தவறாக நடந்துகொண்டால் அந்த இடத்தையே இல்லாமல் செய்வது என்ற யோசனை எத்தனை எளிதாக எழுகிறது என்பதை இங்கே பார்க்கலாம். நடைபாதையில் இதே தொல்லை நடந்தால் நடைபாதையைப் பெயர்க்க யாரும் சொல்ல மாட்டார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் திடல், மக்களுடைய நிலையான உரிமையாக அல்லாமல், நகரம் தந்த சலுகையாகவே அதிகாரிகள் மனத்தில் இருந்தது.

வணிகர் அமைப்பும் நகர மன்ற உறுப்பினர்களும் எதிர்த்தார்கள். பணிக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. 2016 ஏப்ரலில் நகர மன்றம் சட்டமியற்றி, நடைபாதை வளாகங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தைப் போக்குவரத்துத் துறைக்குக் கொடுத்தது. ஜூனில் விதிகள் வந்தன. பரப்பு மூவகையாகப் பிரிக்கப்பட்டது: நிற்காமல் நடப்பதற்கான பாதைகள், உட்காரவும் பொது நிகழ்ச்சிகளுக்குமான பகுதி, பணம் பெற்று எதையும் செய்வோருக்கான குறியிட்ட கட்டங்கள். வேடமணிந்தவர் எவரும் விரட்டப்படவில்லை. பணம் கேட்பதென்றால் தரையில் நீலப்பச்சை வண்ணம் பூசிய கட்டத்துக்குள் நின்று கேட்க வேண்டும், அவ்வளவே. என்ன செய்கிறார்கள் என்பதில் கை வைக்காமல், எங்கே செய்கிறார்கள் என்பதை மட்டும் முறைப்படுத்தியதால் கருத்துரிமைச் சிக்கலும் தவிர்க்கப்பட்டது. சில சட்டப் பக்கங்களும் கொஞ்சம் வண்ணமும். 2010 இலேயே செய்திருக்கக் கூடியவை.

2017 மே 18

அன்று நண்பகலில் ஒருவர் 7 ஆம் அவென்யூவில் காரைத் திருப்பி, 42 ஆம் தெருவருகே நடைபாதையில் ஏற்றி, மூன்று தெருத் தொலைவு ஆட்கள் மீது ஓட்டிச் சென்றார். 18 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அவர்களுள் இறந்தவரின் 13 வயதுத் தங்கையும் ஒருவர். 45 ஆம் தெருவில் நிறுவியிருந்த எஃகுத் தடுப்புத் தூண்களில் மோதித்தான் கார் நின்றது.

வளாகத்தின் மற்றொரு பகுதியில் தூண்கள் இருந்தன; அந்த நடைபாதையின் தொடக்கத்தில் இல்லை. ஓரிடத்தில் ஆட்களைத் திரளச் செய்தால், திடலின் எல்லைக்குள் மட்டுமல்லாமல் அதற்கு வரும் வழிகளிலும் கூட்டம் அடர்கிறது. பாதுகாப்பு அந்த வழிகளையும் சேர்த்து வரையப்பட வேண்டும். 2018 ஜனவரியில் நகரம் ஊரெங்கும் 1,500 தடுப்புத் தூண்கள் நிறுவ 5 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இவற்றில் சிலவற்றை மேலேயே சொல்லிவிட்டேன்: அளவுகோல்களின் வரிசை, வளாகத்துக்கான சட்டம், தடுப்புத் தூண்கள். மூன்றும் நிரந்தரமாக்கும் முடிவோடு ஒரே நாளில் எடுக்கப்பட்டிருக்க வேண்டியவை.

வாடகை பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. மூடிய சில ஆண்டுகளில் அப்பகுதிக் கடை வாடகை விரைந்து ஏறியது. 2011 இல் உலகின் பத்து முன்னணி வணிக இடங்களுள் ஒன்றாக டைம்ஸ் ஸ்குவேர் ஒரு சொத்து ஆலோசனை நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெற்றது. இதை வெற்றியின் சான்றாகத் துறையினர் காட்டுவது வழக்கம். கட்டட உரிமையாளருக்கு அது வெற்றிதான். மாத வாடகைக்கு இருக்கும் சிறு கடைக்காரருக்கு அதே எண் காலி செய்யும் அறிவிப்பாக வரலாம். பொருளாதாரம் சரிவிலிருந்து மீண்ட காலமும் அதுவே என்பதால் முழு உயர்வையும் திடலின் கணக்கில் சேர்ப்பதும் சரியில்லை. மூடுமுன் அங்கே யார் யார் தொழில் செய்கிறார்கள் என்று பட்டியலெடுத்து, ஐந்தாண்டு கழித்து அவர்களுள் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதும் மதிப்பீட்டின் பகுதியாக வேண்டும்.

பராமரிப்பு இந்த நிகழ்வில் சிக்கலாகவில்லை. அதனாலேயே அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. 1992 முதல் அங்கே கட்டட உரிமையாளர்களிடம் வசூலாகும் தனி வரியில் இயங்கும் அமைப்பு துப்புரவையும் காவலையும் கவனித்துவந்தது. நாற்காலி வாங்கியதும் அதே அமைப்புதான். பணமும் ஆட்களும் உள்ள பொறுப்பாளர் இல்லாத ஒரு தெருவில் இதே நாற்காலிகள் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது.

வேறு நகரத்தில் இதைச் செய்ய நினைப்பவர்கள், அழகிய படங்களுக்கு முன் இரண்டு எண்ணிக்கைகளை எடுக்க வேண்டும் என்பேன். மூடப்போகும் சாலையின் வண்டிகளுக்குப் பக்கத்திலேயே இணையான வழி இருக்கிறதா, சிக்னலில் அந்தச் சாலை எத்தனை நொடிகளைத் தின்கிறது என்பது ஒன்று. இப்போதே அங்கே எத்தனை பேர் நடக்கிறார்கள், அவர்களுள் எத்தனை பேர் இடமின்றிச் சாலையில் இறங்குகிறார்கள் என்பது மற்றொன்று. டைம்ஸ் ஸ்குவேரில் இரண்டுக்கும் விடை சாதகமாக இருந்தது. ஸ்டேட் தெருவில் இரண்டாவதற்குப் பாதகமாக இருந்தது. ஒரு வேலை நாளிலும் ஒரு விடுமுறை நாளிலும், காலை முதல் இரவு வரை, ஆட்களை நிறுத்தி எண்ணிய பிறகே தடுப்புகளை இறக்க வேண்டும்.